ஆறு மாதக் குளிசையும் ஒரு வருட ஒப்பந்தமும்

திருகோணமலைப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மருத்துவம் படித்து, உள்ளகப் பயிற்சியையும் முடித்து, இரண்டு மூன்று வருடம் ஏதாவது ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிறகு என்னிடம் ஒரு கேள்வியோடு வருவதுண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்பொன்றில் சேர்ந்து வெளிநாட்டில் சேவை செய்யப் போகலாமா, போனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் போர்க்களத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடாரம். நாங்கள் வளர்ந்த காலம் அப்படி. ஆனால் சத்திரசிகிச்சை நிபுணராக இல்லாத பொது மருத்துவர் ஒருவருக்கு இந்த அமைப்புகளில் கிடைக்கக்கூடிய முக்கியமான வேலைகளில் ஒன்று காசநோய்த் திட்டம். அது குளிசையும் சளிக் குப்பியும் மாதக் கணக்கான பொறுமையும் கொண்ட வேலை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ரொபேர்ட் கொக் அறிவித்தது 1882 மார்ச் 24இல். மருந்து வந்து எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இருந்தும் 2023இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது, 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குணமாக்கக்கூடிய ஒரு நோய்க்கு ஏன் இந்த நிலை? வறுமை, நெரிசல், பட்டினி, எச்.ஐ.வி. என்று காரணங்கள் சொல்லலாம். எல்லாம் சரி. ஆனால் மருத்துவர் அன்றாடம் முட்டிமோதுவது வேறொன்றோடு: கிருமியின் மந்த குணத்தோடு. சாதாரண பக்டீரியா ஒன்று இருபது முப்பது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்கு இருபது மணித்தியாலம் அளவில் வேண்டும். ஒரு பகுதிக் கிருமிகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும், அவற்றை மருந்து எளிதில் கொல்லாது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து என்று அரை வருடம் இழுக்கிறது.

நோயாளியின் உடம்போ இந்தக் கணக்கைக் கேட்டு நடப்பதில்லை. மூன்றாம் நான்காம் கிழமையில் இருமல் அடங்கும். பசி வரும். இரண்டாம் மாதம் எடை கூடும். திருக்கடலூரிலோ கொட்பேயிலோ இருக்கும் ஒரு மீனவருக்கு அதற்குப் பிறகு கிளினிக்கில் வந்து நிற்க என்ன காரணம் இருக்கிறது? பலநாள் கலத்தில் ஏறினால் கரைக்கு வர வாரங்கள் ஆகும். பருவம் மாறும்போது வாடி அமைத்துத் தொழில் செய்ய வேறு கரைக்குப் போய்விடுவார். அப்படிப் போகும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் போகும் இடத்துக்கு மருந்து போய்ச் சேர வழி செய்து, ஆறாம் மாதம் முடியும் வரை கைவிடாமல் இருப்பதுதான் காசநோய் வைத்தியம். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் கிளினிக்கில் ஒரு முதியவர் சொன்னதை இன்றும் புதிய டொக்டர்மாருக்குச் சொல்லுவேன். "தம்பி, ஒண்டுக்கு இரத்தமாப் போகுது, அதால குளிசைய விட்டிட்டன்." இரத்தம் இல்லை. காசநோய் மருந்துகளில் ஒன்றான றிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் நோயாளி பயந்து நிறுத்திவிடுவார், நிறுத்தியதையும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அதே நிறம் உதவிக்கு வரும். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று தாதி ஒருவர் பார்த்தே ஊகித்துவிடலாம்.

சளி எடுப்பதும் இப்படித்தான். குப்பியைக் கையில் கொடுத்து "சளி கொண்டு வாங்கோ" என்றால் எச்சில்தான் வரும். காலையில் எழும்பியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமிக் காறித் துப்ப வேண்டும். அறைக்குள் இல்லை, காற்றோட்டமான வெளியிடத்தில். பெண்கள் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்யக் கூச்சப்படுவார்கள், கொஞ்சம் எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும். ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. எப்படிச் சளி எடுப்பது என்று சில நிமிடம் விளக்கிச் சொன்னதாலேயே பெண்களிடம் நோய் கண்டுபிடிக்கப்படும் அளவு கணிசமாகக் கூடியதை அது காட்டியது. புது இயந்திரமோ புது மருந்தோ சேர்க்காமல் கிடைத்த பலன் அது. வெளிநாட்டுக்குப் போகும் மருத்துவர் முதல் மாதத்தில் எங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டால், சளி எடுக்கும் இடத்தில் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஒருகாலத்தில் காசநோயாளியைச் சனட்டோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் மாதக் கணக்காகப் படுக்க வைப்பதுதான் முறை. அதை மாற்றிய ஆய்வு நடந்தது சென்னையில். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்குச் சனட்டோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவர்களின் நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. சனட்டோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் இரண்டும் குறைவு. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளி வீட்டில் இருந்தபடி மருந்து குடிப்பதற்கு அடிப்படை, தமிழ் பேசும் ஏழைக் குடும்பங்கள் அன்று கொடுத்த ஒத்துழைப்பு. எங்கள் பாடப் புத்தகங்களில் இது இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

வெளிநாட்டில் மனிதாபிமான அமைப்புகளின் மருத்துவர்கள் இப்போது அதிகம் எதிர்கொள்வது மருந்துக்கு அடங்காத காசநோயை. ஐசோனியாசிட், றிஃபாம்பிசின் இரண்டுக்குமே கிருமி அசையாவிட்டால் அதைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம். அரைகுறையாக மருந்து குடித்து நிறுத்துவதால் உருவாகும். உருவான பிறகு காற்றில் இன்னொருவருக்கும் அப்படியே தொற்றும், அவர் வாழ்நாளில் ஒரு குளிசைகூடக் குடித்திராவிட்டாலும். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது சுகாதார சேவை குலைந்து, மருந்து விநியோகம் தடுமாறி, சிறைகள் நிரம்பி வழிந்த நாடுகளில் இது வேரூன்றியது. உஸ்பெகிஸ்தானின் மேற்கே, ஆரல் கடல் வற்றிப் பாலையான கரகல்பக்ஸ்தானில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1990களின் பிற்பகுதியில் காசநோய் வேலையைத் தொடங்கியது. பப்புவா நியூ கினியில் டாரு தீவும் இந்த எதிர்ப்புக் காசநோயால் பேர்போன இடம்.

பத்து வருடத்துக்கு முன்பு இதற்கிருந்த வைத்தியம் கொடுமையானது. இரண்டு வருடம் வரை நீளும். பத்தாயிரத்துக்கும் மேல் குளிசைகள். முதல் எட்டு மாதம் அளவில் தினமும் ஊசி. கனமைசின் போன்ற அந்த ஊசிகள் காதைக் கெடுக்கும். முதலில் காதுக்குள் இரைச்சல், பிறகு மெல்லிய ஒலிகள் போகும், பிறகு பேச்சே கேட்காது. போன செவி திரும்பி வராது. சைக்ளோசெரின் என்ற இன்னொரு மருந்து மனதைக் குழப்பும். சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், சிலர் தற்கொலை வரை போவார்கள். மாதாமாதம் செவிப் பரிசோதனை செய்து, கோடு கீழே இறங்குவதைக் கண்டு, ஊசியை நிறுத்தி உயிரைப் பணயம் வைப்பதா, தொடர்ந்து செவியை விட்டுக்கொடுப்பதா என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது அந்தக் காலத்து மருத்துவரின் வேலை. இவ்வளவுக்கும் பிறகு பாதிப் பேர்தான் குணமானார்கள்.

இதை மாற்றியதில் மனிதாபிமான மருத்துவர்களுக்குப் பெரிய பங்குண்டு. பெடாகுயிலின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2012 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. பிரெட்டோமானிட் 2019இல் வந்தது. இவற்றை லினெசோலிட், மொக்சிஃப்ளொக்ஸாசின் இரண்டோடும் சேர்த்து, ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் குணமாக்கலாமா என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பே ஓர் ஆய்வை நடத்தியது. உஸ்பெகிஸ்தான், பெலாருஸ், தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. பழைய வைத்தியத்தில் 52 வீதமானவர்களுக்கு நல்ல முடிவு கிடைத்தது, புதியதில் 89 வீதம். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. மருந்துக் கம்பனிகள் ஏழைகளின் நோய்க்கு இப்படியான ஆய்வைச் செய்யக் காத்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்குச் செவி போயிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

செவி இழந்தவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாபிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் காசநோய் மருந்தால் கேட்கும் திறனை இழந்தவர்கள். பெடாகுயிலினுக்கான காப்புரிமையை நீட்டிக்க ஜோன்சன் அண்ட் ஜோன்சன் கம்பனி இந்தியாவில் கொடுத்த விண்ணப்பத்தை எதிர்த்து இருவரும் மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதே வருடம் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. வெளிநாட்டில் காசநோய் பார்க்கும் மருத்துவர் தன் மேசையில் இருக்கும் குளிசைப் பெட்டி எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அது வந்ததில் நோயாளிகளுக்கும் பங்கிருக்கிறது.

சரி, அன்றாடம் என்ன செய்வார்? காலையில் வார்டு. இதயத் துடிப்பைப் பெடாகுயிலின் குழப்புகிறதா என்று ஈ.சி.ஜி. பார்ப்பார். லினெசோலிட் குடிப்பவரிடம் கால் விறைக்கிறதா, பாதம் எரிகிறதா என்று கேட்பார், நிற அட்டையைக் காட்டிக் கண்ணைப் பரிசோதிப்பார், இரத்தம் குறைகிறதா என்று பார்ப்பார். பிறகு ஆய்வுகூடம். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரம், இரண்டு மணித்தியாலத்துக்குள் கிருமி இருக்கிறதா, றிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். ஆனால் அதற்குச் சீரான மின்சாரம் வேண்டும், வெக்கையும் புழுதியும் ஆகாது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் மருத்துவர் பாதி நாள் ஜெனரேட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். பின்னேரம் ஆலோசகர்களோடு கூட்டம்: யார் நேற்று வரவில்லை, யார் வீட்டில் சாப்பாடு இல்லை, யாரைக் கணவன் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், காசநோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு என்று உலர் உணவு கொடுத்ததாலேயே அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எங்கள் நாட்டில் எத்தனை வீடுகளில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதன் விளைவு நெஞ்சில் தெரிய வருடங்கள் எடுக்கும்.

அப்புறம் யன்னல். காசநோய் காற்றில் மிதக்கும் நுண்துளியால் பரவுவது. பெருவின் லீமா நகர ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தார்கள். உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் யன்னலைத் திறந்து விட்டாலே, விலை கூடிய இயந்திரக் காற்றோட்டத்தைவிட அதிகமாகக் காற்று மாறியது. திருகோணமலையில் கடற்காற்று இலவசம். மேற்கு உஸ்பெகிஸ்தானில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும், யாரும் யன்னலைத் திறக்கமாட்டார்கள். அங்கே போகும் எங்கள் ஊர் மருத்துவர் முதலில் திணறுவது இதில்தான். புற ஊதா விளக்கு, இறுக்கமான முகக்கவசம், வார்டுகளைப் பிரித்தல் என்று வேறு வழிகளைப் பழக வேண்டும்.

இந்த வேலையில் வெளியிலிருந்து போகிறவர் சிறுபான்மை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் வேலை செய்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அந்தந்த நாட்டுக்காரர்கள். மருந்தை நேரில் நின்று விழுங்க வைப்பவர், வீடு தேடிப் போகிறவர், மொழிபெயர்ப்பவர், வாகனம் ஓட்டுபவர் எல்லோரும் உள்ளூர். ஆபத்தும் அவர்களுக்குத்தான் முதலில். திருகோணமலையில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006 ஆகஸ்ட் 4இல் மூதூரில், பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினேழு பேரும் இலங்கையர்கள், ஒருவர் முஸ்லிம், மற்றவர்கள் தமிழர்கள். சுனாமிக்குப் பிறகு தண்ணீரும் சுகாதாரமும் கொடுக்க வேலை செய்தவர்கள். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வெளிநாட்டுக்குப் போய் ஒரு திட்டத்தில் மருத்துவராக உட்காரும்போது, பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தாதிக்கு, நீங்கள் விமானமேறிய பிறகும் அங்கேதான் வாழ்க்கை என்பதை எங்கள் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். சம்பூர் மக்கள் கிளிவெட்டி முகாம்களில் வருடக் கணக்காக அடைபட்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நெரிசல் என்ன செய்யும் என்பதும் தெரியும்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். முதல் தடவை போகும் மருத்துவருக்குப் பொதுவாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒப்பந்தம். போய் மொழி, மனிதர், மருந்துப் பதிவேடு எல்லாம் பிடிபட இரண்டு மூன்று மாதம். அதற்குப் பிறகு அவர் தொடங்கி வைக்கும் நோயாளிகளில் பலருடைய சிகிச்சை முடிவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். அடுத்து வருபவர் மருந்தளவை மாற்றினால், அல்லது முன்னவர் நோயாளிக்குக் கொடுத்த வாக்கைத் தெரியாமல் மீறினால், நம்பிக்கை போகும், நம்பிக்கை போனால் குளிசையும் போகும். ஆகவே தன் கையால் எத்தனை பேரைக் குணமாக்கினேன் என்று எண்ணும் ஆள் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை. எழுதி வைக்கும் ஆள், உள்ளூர் மருத்துவருக்குப் பின்னால் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறவர்போல.

மருத்துவர் மட்டும் போவதில்லை, சிலவேளை பணமும் போய்விடுகிறது. உலகக் காசநோய் வேலைக்கு அதிகம் நிதி கொடுத்துவந்த நாடு அமெரிக்கா. 2025 ஜனவரியில் அது வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, நடந்துகொண்டிருந்த திட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மற்ற எத்தனையோ உதவிகள் இரண்டு மாதம் தாமதித்தால் இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான். காசநோய் மருந்து இரண்டு மாதம் தடைப்பட்டால் எதிர்ப்புக் கிருமி பிறக்கக்கூடும். அதைப் பிறகு பல மடங்கு செலவழித்துத் துரத்த வேண்டும். அதனால் காசநோய்த் திட்டத்தைத் தொடங்கும் எந்த அமைப்பும் எப்போது, யாரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவோம் என்பதை முதல் நாளே அரசோடு பேசி எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதி வைக்காத திட்டத்தில் சேர வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்லுகிறேன்.

இலங்கையில் இந்தப் பிரச்சினை ஓரளவு தீர்ந்திருப்பதற்குக் காரணம் அரசு சேவை. காசநோயை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மாவட்டத்துக்கு ஒரு மார்பு நோய் சிகிச்சை நிலையம், இலவச மருந்து, வீட்டுக்குத் தேடி வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.), பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியைவிட்டுப் போகுமுன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, சிக்கலானவர்களுக்கு வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரி. குறைகள் உண்டு. ஆனால் எதிர்ப்புக் காசநோய் இங்கே மிகவும் குறைவாக இருப்பது இந்தக் கட்டமைப்பு யுத்த காலத்திலும் முற்றாக அறுந்து போகாததால். முன்பு கிண்ணியாவுக்குப் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்துதான் போக வேண்டும், பாலம் வந்தது 2009இல்தான். அந்த நாட்களிலும் மருந்து போனது. அப்படி வேலை செய்தவர்களிடம் படித்த மருத்துவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது பெரிய அனுபவம்.

அப்படியானால் அவர்களை நாமே வைத்துக்கொள்ள வேண்டாமா என்று சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், கிழக்கின் ஆஸ்பத்திரிகளில் அந்த வெற்றிடம் தெரிகிறது. ஆனால் சம்பளமற்ற விடுமுறையில் ஒரு வருடம் காசநோய் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவரையும், குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறுபவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எதிர்ப்புக் காசநோயை நேரில் பார்த்துக் கையாண்ட மருத்துவர் எங்கள் மாகாணத்துக்குத் தேவை. அந்த அனுபவம் இங்கே கிடைக்காது, கிடைக்காமல் இருப்பது நம் பாக்கியம்.

போக நினைப்பவர்கள் அதற்கு முன் மார்பு நோய் கிளினிக்கில் மூன்று மாதமாவது இருங்கள். பி.எச்.ஐ.யோடு குச்சவெளிக்கும் மூதூருக்கும் போய், மருந்தை விட்ட ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ரஷ்ய மொழியோ பிரெஞ்சோ கொஞ்சம் படியுங்கள். திருகோணமலையில் சிங்கள டொக்டரிடம் தமிழ் நோயாளி சிற்றூழியர் ஒருவரின் வாய் வழியாகத் தன் வருத்தத்தைச் சொல்லும்போது எவ்வளவு விடுபட்டுப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். மருந்தை நிறுத்திவிட்டேன் என்பது அப்படி விடுபடும் முதல் விஷயம். மத்திய ஆசியாவில் ரஷ்ய மொழி பேசும் மருத்துவரிடம் அதை நோயாளி நேரடியாகவே சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது.